பலகைகளைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் பிரதேச சபையின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சீமெந்துச் சரிவில் உங்கள் ஆட்கள் மூன்று சறுக்குப் பலகைகளை, அதாவது ஸ்கேட்போர்டுகளை, பிள்ளைகளிடம் பறித்துப் போனார்கள். ஒன்று என் அக்கா மகனுடையது. கடைச் சாமான் இல்லை. சக்கரத்துக்கு த்ரீவீலர் கராஜில் கழித்துப்போட்ட நான்கு பேரிங், உடைந்த கட்டிலில் கழற்றிய ஒரு பலகை, அவ்வளவுதான். மறுநாளே 'விளையாடத் தடை' என்று சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை வந்துவிட்டது. அதற்கு மட்டும் சபையில் காசு இருந்திருக்கிறது.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களாம். பாதிப் பழி என்மேல்தான்.

2001 வாக்கில் ஹட்டன் டவுனில் ஒரு சின்னக் கடையில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் விளையாட விடுவார்கள். 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர்' என்ற ஸ்கேட்போர்ட் வீடியோ விளையாட்டு எனக்கு அங்கேதான் பழக்கம். ஒரு ஆட்டம் இரண்டே நிமிடம். அதற்குள் அந்தரத்தில் தொங்கும் ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தாவித் தாவிப் பொறுக்க வேண்டும். பின்னால் பங்க் பாட்டு அலறும். விளையாடிவிட்டு பஸ்ஸுக்கு வந்து நின்றால் கோயில் படி, பாலத்துக் கைப்பிடி எல்லாம் வேறு மாதிரித் தெரியும். படி என்றால் ஏறத்தான் வேண்டுமா? பலகையைத் தொட்டே பார்க்காத எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் வாயில் 'ஒல்லி', 'கிக்ஃபிளிப்' என்ற பலகை வித்தைப் பெயர்களெல்லாம் புழங்க வைத்தது அந்த விளையாட்டு. அக்கா மகனுக்கு அதைக் காட்டியது நான்தான். 2020இல் புதுப்பித்து வந்த பதிப்பு.

கிரிக்கெட் விளையாடலாமே என்பீர்கள். எங்கே? தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஒரு சிக்ஸர் அடித்தால் பந்து ஏழாம் நம்பர் தேயிலை மலையில் கிடக்கும். தேடி முடிப்பதற்குள் இருட்டிவிடும். நம்மிடம் தாராளமாக இருப்பது சரிவு ஒன்றுதான்.

1999இல் வந்த முதல் டோனி ஹாக்ஸ் விளையாட்டில் பர்ன்சைட் என்றொரு இடம் வரும். கற்பனை இல்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், ஒரு பாலத்துக்கு அடியில், 1990இல் இளைஞர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தாங்களே கொங்கிரீட் குழைத்துக் கட்டத் தொடங்கியது. நகரசபை இடித்துத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை, பிறகு ஒப்புதலும் கொடுத்தது. அதே 1999இல், விளையாட்டு வெளிவருவதற்குச் சற்று முன்பு, அந்த விளையாட்டுக்குப் பெயர் தந்த அமெரிக்க ஸ்கேட்போர்ட் வீரர் டோனி ஹாக் ஒரு போட்டியில் ஆகாயத்தில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கினார். அதற்குமுன் விழுந்தது கொஞ்சமில்லை. போட்டி நேரமே முடிந்துபோயிருந்தது. ஆனாலும் யாரும் 'போதும், இறங்கு' என்று தடுக்கவில்லை.

கை கால் உடையும் என்ற உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதற்காக விரட்டினால் பிள்ளைகள் லொரி வரும் மெயின் ரோட்டுக்குத்தான் போவார்கள். சந்தை கூடாத நாட்களில் அந்தச் சரிவை விட்டுக்கொடுங்கள். வெடித்த இடங்களைப் பூச இரண்டு மூட்டை சீமெந்து போதும். பூசுகிற வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். தலைக்கவசம் இல்லாதவனைப் பலகையில் ஏற விடமாட்டோம்.

அப்புறம், அந்த மூன்று பலகைகளும் உங்கள் அலுவலகத்துப் பின்கட்டில் கூரையில்லாத இடத்தில் கிடக்கின்றன. மூன்று நாளாக அடைமழை. பேரிங் துருப்பிடிப்பதற்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பையனின் மாமா