தொப்பியைத் தொட்ட கை

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம். நேற்று நீ பயிற்சி கொடுத்த அந்தப் பையனின் டென்னிஸ் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். உன்னிடம் வந்தபின் அவனுடைய இரண்டாவது சர்வ் எவ்வளவு தேறிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். அவனுடைய ஆட்கள் அமரும் வரிசையைப் பலமுறை காட்டினார்கள்; நீ அதில் இல்லை. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

வாரச் சம்பளமோ பரிசுத்தொகையில் பங்கோ, எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள் என்று முன்பே சொன்னேன். நீ வாய்ச்சொல்லை நம்புகிறவன்.

உனக்குப் பிடித்த பயிற்சியாளர் டேரன் கேஹிலை எண்ணிப் பார். 1988 அமெரிக்க ஓப்பனில் அரையிறுதி வரை சென்ற அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் பின்னாளில் முழங்கால் காயம் முடித்துவைத்தது. பிறகு அவரது பயிற்சியில் லெய்ட்டன் ஹெவிட் 2001-இல் உலகின் முதலிடத்துக்கு வந்தார். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இருவரும் பிரிந்தார்கள். அடுத்து கேஹில் ஆண்ட்ரே அகாசிக்குப் பயிற்சியளிக்கப் போனார். 2003-இல், 33 வயதில், அகாசி மீண்டும் முதலிடத்தைப் பிடித்தார். பிரிவு கேஹிலின் திறமையைக் குறைக்கவில்லை. உன்னுடையதையும் குறைக்காது. மூன்று வாரமாக நீ பேசாததுதான் அம்மாவை வாட்டுகிறது. அடுத்த முறையாவது சம்பளத்தை எழுத்தில் வாங்கிக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் பதினேழாவது வயதில் நடந்த அந்தக் காலிறுதியில், ஆட்டத்தின் நடுவே பயிற்சி சொல்லக் கூடாது என்று தெரிந்தும் நான் தொப்பியைத் தொட்டுச் சைகை காட்டினேன். முதல்முறை நடுவர் எச்சரித்தார். இரண்டாம் முறை, கடைசி செட்டில் இன்னொரு புள்ளி போனாலே கேம் போய்விடும் என்ற நிலையில் நீ 30-40 என்று பின்தங்கியிருந்தபோது, ஒரு புள்ளியைப் பறித்தார். உன் சர்வ் கேம் அதோடு போயிற்று. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் நீதான் என்னைப் பார்த்துப் பார்த்து ஆடினாய் என்று அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற நீ மறுக்கவில்லை. அம்மா இன்றுவரை அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன்.

2025 ஜனவரி முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதியே களத்துக்கு வெளியிலிருந்து பயிற்சி சொல்ல இடம் தருகிறது. இருந்தும் நீ அந்தப் பையனிடம் ஓரிரு சொற்களோடு நிறுத்திக்கொண்டதை ஒவ்வோர் ஆட்டத்திலும் கவனித்தேன். அப்படி அடக்கமாக உட்காரத் தெரிந்தவனை நான் இதுவரை பாராட்டியதில்லை.

உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறோம். வருவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை. காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா