ஓடி வா என்று கூப்பிட்ட முதல் அம்மா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் பிள்ளையைத் தூங்கவைக்கும் அவசரத்தில் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்: "நிலா நிலா ஓடி வா பாட்டை யாரும்மா எழுதினது?"

எழுதியவர் பெயர் இல்லை. வாய்வழியாக வந்த பாட்டு. ஆனால் நிலாவைக் கூப்பிடும் வழக்கம் நம் மொழியில் ரொம்பப் பழையது. பெரியாழ்வார் கண்ணனின் அம்மா யசோதையாகவே மாறிப் பத்துப் பாசுரம் பாடியிருக்கிறார். அதில் ஒன்று "மஞ்சில் மறையாதே மாமதீ மகிழ்ந்து ஓடிவா" என்று முடியும். அதே "ஓடி வா"தான்! முதன்முதலில் படித்தபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த யசோதை சும்மா கெஞ்சவில்லை. பிள்ளை கொட்டாவி விடுகிறான், தூங்காவிட்டால் குடித்த பால் செரிக்காது, சீக்கிரம் வா என்கிறாள். வராவிட்டால் மிரட்டல். சின்னவன் என்று இகழாதே, சிறுமை என்றால் என்ன என்று, குள்ள வாமனனாக வந்த இவனிடம் எல்லாம் இழந்த மாவலியிடம் போய்க் கேள் என்கிறாள். அந்தப் பால் கவலையை ஒரு ஆண் எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பிறகு பிள்ளைத்தமிழ் வந்தது; தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாக்கிப் பத்துப் பருவமாகப் பாடும் நூல். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மேல் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சிமேல் பாடினார். பத்துப் பருவத்தில், குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிடும் அம்புலிப் பருவம் ஏழாவது. நிலாவை அழைக்கச் சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு வழி. நீயும் இவளும் ஒன்று என்பார்கள், நீ தேய்வாய், இவள் தேயமாட்டாள் என்பார்கள், வந்தால் இன்னது கிடைக்கும் என்பார்கள், கடைசியில் பயமுறுத்துவார்கள். புலமை பெரிதுதான். ஆனால் எனக்குப் பெரியாழ்வார்தான் நெருக்கம். அங்கே வீட்டு வாசனை இருக்கிறது.

நம் பாட்டில் மிரட்டலே கிடையாது, கவனித்தாயா? மலைமேல் ஏறி வா, மல்லிகைப்பூ கொண்டு வா. அவ்வளவுதான் கேட்கிறோம். அதற்கப்புறம் "நடு வீட்டில் வை, நல்ல துதி செய்" என்று இரண்டு வரி உண்டு. நீ பாடும்போது அதை விட்டுவிடுகிறாய். பாட்டி ஒருநாளும் விட்டதில்லை. நிலா நம் வீட்டுக்குள் வருவதே அந்த வரியில்தான்.

இன்று ராத்திரி அதையும் சேர்த்துப் பாடு. "துதி" என்ற சொல் குட்டி வாயில் எப்படி வருகிறது என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா