வளைகாப்புக்கு முன் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

"ரெண்டு வாரம் வாயைக் கட்டியும் இன்சுலின் ஊசி போடச் சொல்லிட்டாங்கக்கா" என்று நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதில் நிற்கிறது. நீ எதையோ தின்று வரவழைத்ததில்லை இந்தக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் உன் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. மாதம் ஏற ஏற அந்தத் தடை கூடும். சிலருக்குச் சாப்பாட்டைத் திருத்தினாலே போதும். உனக்கும் எனக்கும் போதவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அடம்பிடித்தது வெறும் வயிற்றுச் சர்க்கரை. 95-க்குள் இருக்க வேண்டியது. ராத்திரி பட்டினி கிடந்தால் இறங்கும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தேன். காலையில் பார்த்தால் 108. நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. நீ அதைச் செய்யாதே.

ஊசி பிள்ளையைப் பாதிக்குமோ என்று கேட்டாய். உன் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், நீ போடும் இன்சுலின் போகாது. சர்க்கரை அதிகமாகப் போனால்தான் பிள்ளையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். பிள்ளை பெருக்கும், பிறந்த கையோடு அதற்குச் சர்க்கரை தாழும்.

உன் அத்தை பாசத்தோடு தரும் கேழ்வரகுக் கஞ்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாவாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சியது சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு ஒரு அடை சுட்டுத் தரச் சொல், கூடவே ஒரு முட்டை. காலை வேளையில்தான் சர்க்கரை அதிகம் முரண்டு பிடிக்கும். நாலு இட்லியை இரண்டாக்கி, பருப்பும் காயும் நிறைந்த சாம்பாரைக் கூட்டிக்கொள். ராத்திரி சப்பாத்திதானே என்று நாலைந்து தின்றால் சோறு தின்றதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்.

இன்சுலின் குப்பியில் 40 என்று, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் என்று இருந்தால், சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சுதான் வாங்க வேண்டும். ஆரஞ்சு மூடி 100-க்கானது; 40 மருந்தை அதில் அதே எண் கோடு வரை ஏற்றினால் உனக்குப் போகும் அளவு பாதியைவிடக் குறைந்துவிடும். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் நீ ஒருமுறை பார். குப்பியை ஃப்ரிட்ஜில் வை, ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம்.

கை நடுங்கி, வியர்த்து, பசி பிடுங்கினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம்; உடனே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி, பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் பார். தனியாக இருக்கும்போது இப்படி வந்தால் பக்கத்து வீட்டைத் தட்டத் தயங்காதே.

பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் ஊசி நின்றுவிடும். ஆனாலும் ஆறு வாரம் கழித்து, சோதனைக்குக் குடிக்கும் அந்த 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரை மறுபடியும் குடித்து ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நான் கைக்குழந்தையோடு அலைந்ததில் அதைத் தள்ளிப்போட்டேன். உன்னை நானே கூட்டிப்போவேன்.

வளைகாப்புக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். கலந்த சாதம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஸ்பூன் உனக்கு நானே வைக்கிறேன். அதற்கு முன் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிடு. ஊசி நேரத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா