நல்ல சென்சாரை மாற்றிவிட்டு, கசியும் பிரேக் பூஸ்டரைப் பார்க்காமல் விட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர், கோயம்புத்தூர்
(வண்டி எண், ஜாப் கார்டு, பில் நகல்கள் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: தவறான பழுதறிதலுக்காக வசூலித்த ரூ.10,500-ஐத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

செக் என்ஜின் லைட் எரிகிறது, ஐட்லிங்கில் (வண்டி நின்று, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது) என்ஜின் ஏறி இறங்குகிறது, என்ஜினை நிறுத்திய சில நொடிகளிலேயே பிரேக் பெடல் இறுகிவிடுகிறது. இந்த மூன்று குறைகளையும் சொல்லித்தான் என் பெட்ரோல் காரை உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்டேன். மூன்றும் ஜாப் கார்டில் எழுதப்பட்டிருக்கின்றன. முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் (என்ஜின் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளப்பது) ரூ.8,450, அதை மாற்றிய கூலி ரூ.900, பிரேக் கிளீனிங் ரூ.1,150 என்று பில் போட்டார்கள். வண்டியை எடுத்தபோது லைட் அணைந்திருந்தது. அந்த வாரமே மறுபடி எரிந்தது. திரும்பக் கொண்டுபோனதற்கு, "அப்ப ஃபியூயல் பம்ப் தான் சார், அசெம்பிளியா மாத்திடலாம்" என்று பதில் வந்தது. அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

கடைசியில் பழுதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனை மெக்கானிக். பிரேக் பூஸ்டருக்குள் (பெடல் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) ஒருவழி வால்வு செருகும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்ற அவர் வாங்கியது, கூலி உட்பட, ரூ.450.

பணம் போனது ஒரு பக்கம். பழுதைக் காட்டும் விவரம் உங்கள் சர்வீஸ் சென்டர் அச்சடித்துக் கொடுத்த ஸ்கேன் தாளிலேயே இருந்தும், அதை யாரும் படிக்கவில்லை என்பதே என் முதன்மையான புகார்.

என்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் கோடு (குறியீட்டு எண்) பி0171. எரிகலவையில் பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று இருக்கிறது, அதாவது என்ஜின் லீனாக ஓடுகிறது என்பதைத் தவிர அந்தக் கோடு வேறெதையும் சொல்வதில்லை. காற்று எங்கிருந்து வருகிறது, அல்லது பெட்ரோல் ஏன் குறைகிறது என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாரே கெட்டிருந்தால் அதற்கென்று தனிக் கோடுகள் உண்டு. ஹீட்டர் போனால் பி0135 வரும், பதில் மந்தமானால் பி0133 வரும். உங்கள் தாளில் இரண்டும் இல்லை.

அதே தாளின் அடியில் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரம் இருக்கிறது. கோடு பதிவான நொடியில் வண்டியின் வேகம் 0, என்ஜின் 780 ஆர்பிஎம், நன்றாகச் சூடேறிய நிலை, நீண்டகால ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) கூட்டல் 25 சதவீதம். வண்டி நின்று ஐட்லிங்கில் ஓடியபோதுதான் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடக் கால்பங்கு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிச் சமாளித்திருக்கிறது. 2,500 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தபோது அதே ட்ரிம் 4 சதவீதம் என்று உங்கள் டெக்னீஷியனே ஓரத்தில் பேனாவால் குறித்திருக்கிறார். இவ்வளவு சரியாகக் குறித்தவர் அடுத்த படியை ஏன் எடுக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. ஒருவேளை, எடுக்க விடவில்லையோ என்னவோ.

ஐட்லிங்கில் மோசமாகவும், ரேஸ் கொடுத்தால் சரியாகவும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேக்கம் லீக், அதாவது என்ஜினுக்குள் வெளிக்காற்று நுழையும் கசிவு. ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்று வரும் வழியின் கதவு) ஏறக்குறைய மூடியிருப்பதால், அதற்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். எங்கே சிறு ஓட்டை இருந்தாலும் அது வெளிக்காற்றை வலுவாக உறிஞ்சும். என் காரில் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் த்ராட்டிலுக்கு முன்னால் இருப்பதால், ஓட்டை வழியாக நுழையும் காற்று கணக்கில் சேராது. ஐட்லிங்கில் என்ஜின் இழுப்பதே வினாடிக்கு இரண்டு மூன்று கிராம் காற்றுதான். அதில் இந்தக் கள்ளக் காற்று பெரிய பங்காகத் தெரியும். ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்று பல மடங்காகிவிடும், ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும். நூற்பாலைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். கம்ப்ரஸர் லைனில் காற்று கசிந்தால் பிரஷர் கேஜைக் கழற்றி மாற்றுகிறவனை அங்கே ஒரு ஷிஃப்ட் கூட வைத்திருக்க மாட்டார்கள்.

பழைய ஆக்ஸிஜன் சென்சார் 0.1 வோல்ட்டிலேயே நின்றதால் அது செத்துவிட்டது என்று முடிவு கட்டியதாக அட்வைசர் சொன்னார். லீனாக ஓடும் என்ஜினில் நல்ல சென்சாரும் அதைத்தானே காட்டும்? சட்டென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கலவையை ஒரு கணம் கெட்டியாக்கி, வோல்டேஜ் 0.8-க்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. புதிய சென்சாரைப் போட்ட பிறகும் அதே 0.1 தான் வந்திருக்க வேண்டும். அதை யாராவது பார்த்தார்களா? கோடை அழித்ததும் கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த ட்ரிம் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். மறுபடி கற்றுக்கொண்டு எல்லையைத் தொடும் வரை லைட் எரியாது. அந்த இடைவெளியில்தான் "சரியாகிவிட்டது" என்று வண்டி என் கைக்கு வந்தது.

ஃபியூயல் பம்ப் விஷயத்துக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. பம்ப் தளர்ந்தால் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில், ஏற்றத்திலும் வேகத்திலும், முதலில் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நாலு பேரோடு இந்த வண்டி திணறாமல் ஏறுகிறது. ஃபியூயல் பிரஷரைக் கேஜ் வைத்து அளந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் மீதும் பழி போடப்பட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் ட்ரிம் கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான். சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை, இந்தக் கலவைக்கு 13.5 போதும். ஆனால் அந்த வித்தியாசம் 25 சதவீதத்துக்கு வராது. தவிர, பெட்ரோல் ஐட்லிங்குக்கு ஒரு மாதிரியும் 2,500-க்கு வேறு மாதிரியும் இருக்காதே.

பிரேக் விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. பெடல் இறுகுகிறது என்ற என் புகாருக்கு நேரே "பேடு சோதிக்கப்பட்டது, சரி" என்று ஜாப் கார்டில் எழுதியிருக்கிறார்கள். பெடலை இலகுவாக்குவது பூஸ்டருக்குள் இருக்கும் வேக்கம். அது என்ஜின் மேனிஃபோல்டிலிருந்தே வருகிறது. என்ஜின் நின்ற பிறகும் ஓரிரு மிதிகளுக்கு அந்த வேக்கம் கையிருப்பில் இருக்க வேண்டும், ஒருவழி வால்வு இருப்பதே அதற்காகத்தான். ஓடும்போது என்ஜின் நின்றுவிட்டால் வண்டியை நிறுத்த அந்தக் கையிருப்புதான் துணை. என் வண்டியில் அது இல்லை. அந்த நிலையிலேயே வண்டியைச் சாலைக்கு அனுப்பினார்கள், கிளீனிங் சார்ஜும் வாங்கிக்கொண்டு.

தெருமுனை மெக்கானிக்கிடம், புகை விட்டுக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் மெஷின் கிடையாது. விலை குறைந்த ஸ்கேனரும் நுனியில் துணி சுற்றிய கொறடும்தான். ட்ரிம்மைப் பார்த்துக்கொண்டே மேனிஃபோல்டிலிருந்து போகும் ஓஸ்களை ஒவ்வொன்றாக நெரித்தார். என்ஜின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஓஸில் மாற்றமில்லை. பூஸ்டர் ஓஸை நெரித்ததும் என்ஜின் அடங்கியது, ட்ரிம் மளமளவென்று இறங்கியது. நிமிர்ந்து, "ஏனுங்க, வண்டிய நிறுத்துன உடனே பெடல் இறுகுதுங்களா?" என்று கேட்டார். நான் அதுவரை பிரேக்கைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. வளையத்தை மாற்றியதும் ட்ரிம் 3 சதவீதத்துக்கு வந்தது. பெடலும் பழையபடி இறங்குகிறது, லைட்டும் வரவில்லை. முன், பின் ஸ்கேன் படங்களை இணைத்திருக்கிறேன்.

எனவே சென்சார், கூலி, பிரேக் கிளீனிங் மூன்றுக்கும் சேர்த்து ரூ.10,500-ஐ முழுமையாகத் திருப்பித் தரவும். புதிய சென்சார் வண்டியில்தானே இருக்கிறது என்று பாதி கழிப்பதை ஏற்க மாட்டேன். எனக்குத் தேவையில்லாத பொருள் அது. கழற்றிய பழைய சென்சார் என் சொத்து, கேட்டும் தரப்படவில்லை, அதையும் ஒப்படைக்கவும். சென்சார் கெட்டது என்று எந்தச் சோதனையின் அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். சர்வீஸ் அட்வைசர் மீதோ டெக்னீஷியன் மீதோ நடவடிக்கை கேட்கவில்லை. பெடல் இறுகுகிறது என்று புகார் வந்தால் பூஸ்டரையும் வால்வையும் சோதித்த பிறகே வண்டியை விடுவிக்க வேண்டும் என்று அந்த சென்டருக்கு உத்தரவு போடுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன். ஆணையத்தில் மன உளைச்சலுக்கான இழப்பீடும் சேர்த்துக் கேட்கப்படும். இப்போது கேட்பது பில் தொகை மட்டுமே.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்
கோயம்புத்தூர்

இணைப்பு: ஜாப் கார்டு, பில், உங்கள் ஸ்கேன் தாள், ஃபியூயல் பம்ப் எஸ்டிமேட், மெக்கானிக்கின் ரசீது, முன்-பின் ஸ்கேன் படங்கள், வெடித்த ரப்பர் வளையத்தின் படம் (வளையம் என்னிடம் இருக்கிறது, நேரில் காட்டலாம்)