பெரிய பதிவுக் கோப்புகளைத் துண்டாக்குவது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளிலிருந்தும் நகரத்து அலுவலகங்களிலிருந்தும் வலையமைப்புக் கோளாறு பார்க்கச் சொல்லி எங்களுக்கு வரும் வயர்ஷார்க் (வலையமைப்பில் போய்வரும் தரவைப் பதிந்து காட்டும் மென்பொருள்) பதிவுகள் வரவரப் பெருத்துக்கொண்டே போகின்றன. இரவு முழுக்க ஓடவிட்டு, விடிந்ததும் ஒரே கோப்பாக எடுத்து வருகிறீர்கள். வயர்ஷார்க் கோப்பைத் திறக்கும்போது ஒவ்வொரு பொதிக்கும் (தரவு போய்வரும் சிறு துண்டுக்கும்) ஒரு குறிப்பை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பல ஜிபி கோப்பென்றால் நல்ல மடிக்கணினியும் திணறிப்போகும்.

100 மெகாபிட் இணைப்பு ஒரு திசையில் நிரம்பி ஓடினாலே நிமிடத்துக்கு 750 எம்பி சேரும். ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைத்த பென்டிரைவோ 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. ஆறு நிமிடப் பதிவுகூட அதில் அடங்காது!

ஆகவே பதியும்போதே துண்டாக்கிவிடுங்கள். பதிவைத் தொடங்கும் முன் வரும் தெரிவுகளில் ‘அவுட்புட்’ என்றொரு பக்கம் இருக்கிறது. குறித்த நேரமோ அளவோ ஆனதும் தானாகப் புதிய கோப்பைத் தொடங்கும்படி அங்கே சொல்லலாம். எங்களுக்குப் பிடித்தது ஐந்து நிமிடக் கணக்கு. கோப்பின் பெயரிலேயே திகதியும் நேரமும் விழுவதால், ‘பத்தேகாலுக்கு பில் மெஷின் நின்றுபோனது’ என்று நீங்கள் சொன்னால் நேரே அந்தத் துண்டை எடுத்துவிடுவோம். போக்குவரத்து கூடிய இடமென்றால் 200 எம்பி என்ற வரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எது முதலில் வருகிறதோ அங்கே வெட்டும்.

அதே பக்கத்தில் ‘ரிங் பஃபர்’ உண்டு. இத்தனை கோப்புத்தான் என்று வைத்தால், பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். எப்போதாவது தலைகாட்டும் கோளாறுக்கு இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் கோளாறு வந்த கையோடு பதிவை நிறுத்த ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமைக் கோளாறைத் திங்கட்கிழமை தேடினால் அது அழிந்து போயிருக்கும்.

ஏற்கெனவே ஒரே பெரிய கோப்பாகப் பதிந்தாயிற்றா? சரி, வயர்ஷார்க்குடன் வரும் ‘எடிட்கேப்’ இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் ஓடுவது. ஆங்கிலச் சிறிய எழுத்து ‘சி’ தெரிவு பொதி எண்ணிக்கைப்படியும், சிறிய எழுத்து ‘ஐ’ தெரிவு நொடிக் கணக்கிலும் வெட்டும். பெரிய எழுத்து ‘ஏ’, ‘பி’ தெரிவுகளில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொடுத்தால் அந்த இடைவெளியை மட்டும் பிரித்துத் தரும். பெரும்பாலும் எங்களுக்கு அது போதும். வெட்டிய இடத்தில் இரு கருவிகளுக்கிடையிலான ஓர் உரையாடல் இரண்டாகிப் போனால், வயர்ஷார்க்குடனேயே வரும் ‘மெர்ஜ்கேப்’ கொண்டு ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் வின்ரார் போன்ற கோப்புச் சுருக்கும் மென்பொருட்களில் துண்டு போட்டு அனுப்பினால், எல்லாத் துண்டும் வந்து சேரும்வரை எங்களால் எதையும் திறக்க முடியாது. ஒன்று குறைந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று: பதிவில் கடவுச்சொற்களும் விருந்தினர் விபரங்களும் மறைகுறியின்றிக் கிடக்கலாம். தேவையான நேரத்துண்டை மட்டும் தாருங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் கோளாறு வந்த நேரம், பாதித்த கருவியின் ஐபி முகவரி, பதிந்த கணினியின் கடிகாரம் எவ்வளவு முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்பவற்றை எழுதி விடுங்கள். வெட்டத் தெரியாவிட்டால் மடிக்கணினியையே கடைக்குக் கொண்டு வாருங்கள். வெட்டித் தருவதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
சேவைப் பிரிவு,
திருகோணமலை