யார் பெயரை எழுதியிருக்கிறாய்?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலமும் உன்னோடு இருப்பவளின் நலமும் அறிய ஆவல்.

நீ அலமாரியில் விட்டுப்போன டிவிடி பெட்டியை எடுத்து, ‘தி எல் வேர்ட்’ என்ற அமெரிக்கத் தொடரை ஆறு சீசனும் பார்த்து முடித்துவிட்டேன். விடுதியில் படித்த காலத்தில் இந்தத் தொடர்தான் எனக்குத் துணை என்று ஒருமுறை சொன்னாய். என் பிள்ளைக்குத் துணையாக இருந்தது எது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? வசனங்களைத் திரையில் ஓடவிட்டு, புரியாத இடங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இதையெல்லாம் தொலைபேசியில் பேசித் தீர்க்க முடியாது. எனக்கு விடியும்போது உனக்குப் பொழுது சாய்கிறது. நீ களைத்து வந்திருப்பாய். அதனால்தான் கடிதம்.

2004 ஜனவரியில் ஷோடைம் அலைவரிசையில் இந்தத் தொடர் தொடங்கியிருக்கிறது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்புவரை, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் ஒரே பாலினத்தவர் உறவு சட்டப்படி குற்றம். 2003 ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை நீக்கியது. அந்த ஈரம் காயுமுன், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் வெஸ்ட் ஹாலிவுட்டில் பெண்களைக் காதலிக்கும் பெண்கள் சிலர் காபிக் கடையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவதை ஒருவர் தொலைக்காட்சியில் காட்டினார் என்றால், தொடரை உருவாக்கிய அந்த ஐலீன் சைகனுக்குத் துணிச்சல்தான். நீ அதை எந்த வயதில் பார்த்தாய் என்று கணக்குப் போட்டேன். நம் ஊரில் ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் திருத்திய 2018 தீர்ப்புக்கு வெகு காலம் முன்பு.

‘தி பிளானட்’ என்ற அந்தக் காபிக் கடை எனக்குப் பிடித்துப்போனது. காலையில் யார் வந்தாலும் அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கும். முந்தின இரவு யாரோடு சண்டை, யார் அழுதாள், யாருக்கு வேலை போயிற்று என்று எல்லாம் அந்த மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். அந்தத் தோழிகளில் ஒருத்தியான ஆலிஸ் தன் வீட்டுப் பலகையில், யார் யாரோடு உறவில் இருந்தார்கள் என்று பெயர்களைக் கோட்டால் இணைத்துக்கொண்டே போகிறாள். பார்க்கிறவர்கள் அதை ஆள்களின் படுக்கையறைக் கணக்கு என்று நினைக்கலாம். எனக்கு அது வம்சாவளிப் படம் போலத் தெரிந்தது. நமக்கு அத்தை, சித்தி, ஓரகத்தி, நாத்தனார் என்று பிறக்கும்போதே முறைகள் காத்திருக்கின்றன. பெற்றவர்கள் கதவைச் சாத்திய பிறகு, இவர்கள் தாங்களாகவே முறைகளை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய காதலி தோழியாகிறாள், தோழி தமக்கையாகிறாள்.

தோழிகளில் இன்னொருத்தியான பெட் என்பவளின் தந்தை மெல்வினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டாக நடித்த ஜெனிபர் பீல்ஸ், தன்னைப் போலவே பெட்டும் கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்தவளாக இருக்க வேண்டும் என்று கேட்டாராம். அப்படித்தான் கிட் அவளுக்கு அக்காவாகவும், ஓசி டேவிஸ் தந்தையாகவும் வந்தார்கள். 1965-இல் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸின் இறுதிச் சடங்கில் இரங்கலுரை ஆற்றிய அதே ஓசி டேவிஸ்தான். தன் துணைவி டீனா கருவுற்றிருக்கிறாள், உங்களுக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது என்று பெட் சொல்கிறாள். அந்தக் குழந்தைக்கும் எனக்கும் என்ன உறவு என்று கேட்டு மறுத்துவிடுகிறார் அவர். கத்தவில்லை, அடிக்கவில்லை. படித்த, நாகரிகமான, சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அதனால்தான் அந்த மறுப்பு இன்னும் ஆழமாக இறங்குகிறது.

அந்தக் கரு தங்கவில்லை. அடுத்த சீசனில் மெல்வினுக்குப் புற்றுநோய் முற்றிவிடுகிறது; பெட்டின் வீட்டில்தான் அவர் கடைசி நாள்கள் கழிகின்றன. பெட்டோடு சண்டையிட்டுப் பிரிந்துபோயிருந்த டீனா, மறுபடி கருவுற்ற நிறைவயிற்றோடு வந்து கூட நிற்கிறாள். முதல் சீசன் முழுக்க முற்றத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த அப்பா, இந்தப் பகுதி ஓடும்போது உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தக் குழந்தையைப் பெரியவர் தூக்கினாரா?” இல்லை, பிறப்பதற்குள் போய்விட்டார் என்றேன். ஓசி டேவிஸும் அந்தக் காட்சிகள் ஒளிபரப்பாவதற்கு முன்பே, 2005 பிப்ரவரி 4 அன்று, தம் 87-ஆம் வயதில் இறந்துவிட்டார் என்பதையும் சொன்னேன். அப்பா இரவு சாப்பாடு முடியும்வரை எதுவும் பேசவில்லை. மறுநாள் மாலை அவராகவே வந்து, “அடுத்ததைப் போடு” என்றார். அவர் உன்னிடம் இதைச் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. எல்லோரும் அழகிகள், எல்லோருக்கும் வசதியான வீடு, வாடகை கொடுக்கத் திண்டாடுகிறவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மேக்ஸ் என்ற திருநம்பியை அந்தத் தோழிகளே நடத்தும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை. தாங்கள் பட்ட வலியை அடுத்தவருக்குக் கொடுப்பதைத் தொடரும் சரியாகக் கண்டிக்கவில்லை. கடைசி சீசனில் தோழிகளில் ஒருத்தியான ஜெனியின் சாவை மர்மக் கதையாக்கி, விடை சொல்லாமலே முடித்தது, அத்தனை ஆண்டுகள் கூட வந்தவர்களுக்குச் செய்த அநியாயம். படுக்கையறைக் காட்சிகளைத் தாண்டிப் போனேன். எந்தத் தொடரிலும் நான் அப்படித்தான்.

இன்னொரு தோழி ஷேனும் அவள் காதலி கார்மெனும் திருமணத்துக்காக எங்கே போகிறார்கள் என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விஸ்லர்! நீங்கள் இருவரும் பனியில் நின்று எடுத்து அனுப்பிய படம் அந்த ஊர்தானே, நீ இருக்கும் வான்கூவரிலிருந்து 120 கிலோமீட்டர்? கலிபோர்னியாவில் அப்போது அவர்கள் மணமுடிக்க முடியாது. உன் மாகாணத்தில் 2003 ஜூலையிலேயே முடியும். 2005 ஜூலையில் கனடா முழுவதற்கும் சட்டமாகிவிட்டது. தொடரையே பெரும்பாலும் வான்கூவரில்தான் எடுத்தார்களாம். அப்படியென்றால், நடிகைகள் மணமுடிக்கக்கூடிய மண்ணில் நின்றுகொண்டு, மணமுடிக்க முடியாத பெண்களாக நடித்திருக்கிறார்கள். நீ தினமும் நடக்கும் தெருக்களில் எது வெஸ்ட் ஹாலிவுட்டாக வேடம் போட்டது என்று தேடிப் பார்த்தாயா? ஷேன் கடைசி நேரத்தில் மணமேடைக்கு வராமல் ஓடிவிட்டதில் எனக்கு இன்னும் அவள்மீது கோபம். தந்தையின் குணம் தனக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தாள், சரி. அந்தப் பயத்தை கார்மெனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம்.

இனி டானா. நான் முக்கியமாக எழுத வந்தது அவளைப் பற்றித்தான்.

டென்னிஸ் வீராங்கனை. விளம்பரம் போய்விடும், பெயர் கெட்டுவிடும் என்று பயந்து பயந்து ஒளிந்திருந்தவள், முதல் சீசனில் வெளியே வருகிறாள். அவள் அம்மாவிடம் சொல்லும்போது, அந்த அம்மா அதிர்ந்துபோகவில்லை. தோழிகள்மீது அப்படியொரு பிரியம் எல்லோருக்கும் வருவதுதான், அதற்காக அதன்படி நடக்க வேண்டியதில்லை என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். மூன்றாம் சீசனில், முப்பதைத் தொட்டும் தொடாத அந்தப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய். முப்பத்தைந்து ஆண்டு வார்டில் நின்றவள் நான். மொட்டைத் தலையும், வாந்திக்கு வைத்த கிண்ணமும், ஊசி ஏறி ஏறிக் கறுத்த கையும் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தப் பகுதிகளை ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. கீமோ மருந்துகளில் சில இதயத்தைத் தளரவைக்கும் என்பதை அறிந்தவள் என்பதால், அவள் மூச்சு வாங்கத் தொடங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளைப் பார்த்துக்கொண்டது யார்? ஆலிஸ். டானா வேறொருத்திக்காக விட்டுப்போன அதே ஆலிஸ். மனமுடைந்து, அழுது, பித்துப்பிடித்தவள் போல் அலைந்த ஆலிஸ்தான் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ராவும் பகலும் கிடந்தாள். கொஞ்ச நேரம் அறையை விட்டுப் போயிருந்தபோது டானாவின் உயிர் பிரிந்துவிட்டது. அப்படி நடப்பதை வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாள்கணக்கில் நகராமல் இருந்தவர் ஒரு டம்ளர் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் போகும் உயிர் போகும்.

பிறகு இறுதிச் சடங்கு. டானாவுக்கு நல்ல கணவன் அமையாமல் போனது போல் பாதிரியார் பேசுகிறார். பெற்றவர்கள் முன்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து நின்று மறுத்தவள் ஆலிஸ்தான். கடைசியில் தோழிகள் அஸ்தியில் ஒரு பங்கை எடுத்துப்போய், டானாவுக்குப் பிடித்த அருவியில் கரைக்கிறார்கள். அவளை ஏன் சாகடித்தீர்கள் என்று அந்தக் காலத்தில் ரசிகைகள் கொதித்துப்போனார்களாம். கொதித்ததில் தப்பே இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மருத்துவமனையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை பக்கவாதம் என்று சேர்த்தார்கள். அவரோடு இன்னொரு ஆசிரியை வந்திருந்தார். இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஒரே வீட்டில் பல காலமாக இருந்தவர்கள். என்ன மாத்திரை, எந்த நேரம், எந்தக் கை மரத்துப்போயிற்று, கடைசியாக எப்போது பேசினார் என்று அத்தனையும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. வெளியூரிலிருந்து தம்பி வந்து கையெழுத்துப் போடும்வரை அறுவை சிகிச்சை காத்திருந்தது. தம்பி வந்ததும் இந்த அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், மர பெஞ்சில், ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடையில் ஒரு பிளாஸ்க், துவைத்து மடித்த இரண்டு உள்பாவாடை, ஒரு விபூதிப் பொட்டலம். இரவு என் பணிநேரம். டாக்டர் போனதும் செருப்பைக் கழற்றச் சொல்லி அவரை உள்ளே கூட்டிப்போனேன். அவர் எதுவும் பேசாமல் அந்த அம்மாவின் மரத்துப்போன கையைப் பிடித்து, விரல் ஒவ்வொன்றாக நீவிவிட்டார். ஒவ்வொரு இரவும் கூட்டிப்போனேன். அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையாகவும் இல்லை.

டானாவின் அறையைப் பார்த்தபோது அந்தப் பெஞ்ச்தான் கண்முன் வந்தது. ஆகவே மகளே, நீ வேலையில் சேர்ந்தபோது, அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்று என் பெயரை எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாய். அதை மாற்று. உன்னோடு இருப்பவள் பெயரை எழுது. நடுராத்திரியில் ஒரு டாக்டர் முடிவு கேட்கும்போது, திருச்சிக்குப் போன் போட்டு, நான் எழுந்து, கண்ணாடி தேடி, விவரம் புரிந்து பதில் சொல்லும்வரை காத்திருக்க முடியாது. மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்ந்தாலும் உங்கள் மாகாணச் சட்டத்தில் முடிவெடுக்கும் முதல் உரிமை வாழ்க்கைத் துணைக்குத்தான், பெற்றோர் அதற்குப் பின்னால்தான் என்று அறிந்துகொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் சட்டம் இருக்கிறதே என்று விட்டுவிடாதே. பிரதிநிதியாக ஒருவரை நியமித்து எழுதிவைக்கும் பத்திரம் அங்கே உண்டு. இருவரும் ஒருவருக்கொருவர் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு திடமாக இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது.

இங்கேயும் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடியில் இருந்த ஒரு பெண்ணை அவள் விருப்பப்படி தோழியோடு போக அனுமதித்தது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பமே என்று சொன்னது. அந்தச் செய்தியை அப்பா வெட்டி எடுத்து, மின்கட்டண ரசீதுகளோடு வைத்திருக்கிறார்.

உன் அத்தையிடம் நான் பேசிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது, சுருங்கட்டும். பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வரும்போது நம் வீட்டில்தான் தங்குகிறீர்கள், ஓட்டலில் அல்ல. மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். குளியலறைக் குழாயையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

அதற்கு முன் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அவளுடைய அம்மாவோடு நான் பேச வேண்டும். இரண்டு பெண்களைப் பெற்றவர்கள் நாங்கள். முதலில் யார் பேசுவது என்று பார்த்துக்கொண்டிருந்தால் காலம் போய்விடும். அவருடைய எண்ணை அனுப்பு. எந்த நேரம் கூப்பிட்டால் அவருக்குத் தோதுப்படும், அவர் எந்த மொழியில் பேசினால் சௌகரியப்படுவார் என்பதையும் கேட்டு எழுது. என் ஆங்கிலம் போதாவிட்டால் நீங்கள் இருவரும் நடுவில் இருந்து சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
அம்மா