எஞ்சினியர் என்று சொல்ல வேண்டாம், அக்கா

ஸ்காபரோ,
2025 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மச்சாளும் மருமகளும் சுகமாக இருக்கிறோம். அத்தானின் சீனி வருத்தம் எப்படி இருக்கிறது? மருந்தை ஒழுங்காக எடுக்கச் சொல்லுங்கள். போனில் பேசினால் பாதியில் நீங்கள் அழத் தொடங்கிவிடுகிறீர்கள். நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போன இடத்தில் சொந்தக்காரர்கள் என்னை விசாரித்தபோது, "தம்பி கனடாவில் எஞ்சினியர்" என்று சொன்னீர்களாம். மச்சாள்தான் சொன்னாள். எனக்குக் கோபமில்லை, அக்கா. இருபது வருடம் கணிதம் படிப்பித்த தம்பி இன்று ஏணி சுமக்கிறான் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. என்மேல் உள்ள பாசம்தான் அப்படிச் சொல்ல வைத்திருக்கிறது. ஆனால் அது உண்மையில்லை. நான் மின்வேலை பழகுகிறேன். நம் ஊர் வாக்கில் சொன்னால் வயரிங் வேலை. இனி யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.

2022இல் இலங்கையில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்த நாட்களில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தினேனே, அந்த வருடக் கடைசியில்தான் நாங்கள் வெளிக்கிட்டோம். முதல் வருடம் ஒரு கிடங்கில் இரவு வேலை. பெட்டி தூக்கினேன், அடுக்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இங்கே ஆசிரியராக வேண்டுமென்றால் மறுபடி படித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதுவரை வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? இந்தத் தொழிலில் பழகும் நாளிலேயே சம்பளம் உண்டு. உள்ளே வந்த காரணம் அதுதான். இப்போது இதைப் பிடித்துக்கொண்டிருக்கும் காரணம் வேறு.

ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கு 9,000 மணித்தியாலம் பழக வேண்டும். அதில் 840 மணித்தியாலம் வகுப்பறை, மூன்று கட்டமாக. மிச்சமெல்லாம் தேர்ந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்று செய்யும் வேலை. கடைசியில் பரீட்சை. முழுவதும் முடிக்க ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். 1978 சூறாவளி அடித்து இரண்டாம் மாதம் பிறந்தவன் என்று அம்மா என் வயதுக்குக் கணக்குச் சொல்வாரே, அந்தக் கணக்கின்படி நான் பரீட்சை எழுதும்போது எனக்கு ஐம்பது.

எனக்கு வேலை காட்டித் தருகிறவருக்கு 29 வயது. என்னிடம் படித்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். முதல் மாதம் அவர் எனக்குத் தந்தது வயரின் தோலை உரிக்கும் வேலை. உரிக்கும்போது செம்புக் கம்பியில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் அந்த இடத்தில் கம்பி பலமிழந்துவிடும். வளைத்துத் திருகி இறுக்கும்போது அங்கேதான் ஒடியும். கண்ணுக்குத் தெரியாத கீறலை அவர் நகத்தால் தடவிக் கண்டுபிடிப்பார். ஒன்றும் பேசமாட்டார். அந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு வயரைத் திரும்ப என் கையில் தருவார். பிழையான கணக்கைக் குறுக்கே வெட்டிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்த என் கை அப்போது எனக்கு நினைவு வரும்.

ஒரு நாள் இரும்புக் குழாய் வளைக்கச் சொன்னார். சுவரோடு ஓடும் குழாய், நான்கு அங்குலம் புடைத்து நிற்கும் ஒரு தூணைத் தாண்டிப் போக வேண்டும். முப்பது பாகையில் இரண்டு வளைவு. "உயரத்தை இரண்டால் பெருக்கு, எட்டு அங்குல இடைவெளியில் இரண்டு கோடு போடு" என்றார். ஏன் இரண்டால் என்று கேட்டேன். எப்போதும் அப்படித்தான் என்றார். அக்கா, நான் அப்படியே நின்றுவிட்டேன். சைன் முப்பது அரை. இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தேனே, அதேதான். எட்டில் அரை நான்கு. அந்த முக்கோணம் என் முழங்காலுக்குக் கீழே, குளிர்ந்த இரும்பாக வளைந்து கிடந்தது. அதைத் தடவிப் பார்த்தேன். சாதாரண தர வகுப்பில் ஒரு முறையாவது ஒரு குழாயைக் கொண்டுபோய் வளைத்துக் காட்டியிருந்தால், பின்வாங்கில் இருந்த எத்தனை பிள்ளைகளுக்கு அது விளங்கியிருக்கும்!

அன்றைக்குக் குழாய் ஓர் அங்குலம் கட்டையாகிப் போனது. வளைத்தால் நீளத்தில் கொஞ்சம் போகும், அதையும் சேர்த்து அளக்க வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும்.

நிறங்களும் என்னை ஆட்டிப் படைத்தன. உங்கள் வீட்டில் சிவப்பு வயரில்தான் மின்சாரம் வரும், கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்பில்தான் உயிர், வெள்ளைதான் நியூட்ரல். சின்ன வயதில் இருந்து 'கறுப்புக்குப் பயமில்லை' என்று பழகிய கண்ணை மாற்றுவது லேசில்லை. அதனால் எந்த நிறமானாலும் சோதித்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை. நீங்கள் பயப்பட வேண்டாம். குளிர்தான் பெரும்பாடு. ஐந்தரைக்கு பஸ் ஏறும்போது நடுச்சாமம் போல இருட்டு. கட்டி முடியாத கட்டடத்துக்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. பத்து மணி வரை விரல்கள் சொன்னபடி கேட்காது.

இனித்தான் முக்கியமான விஷயம். மருமகன் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலை படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன் என்று கேட்க, நீங்கள் மறித்துவிட்டீர்களாம். மூன்றாம் முறையும் உயர்தரம் எடுக்கட்டும், குடும்பத்தில் யாரும் வயரிங் வேலைக்குப் போனதில்லை என்றீர்களாம். அக்கா, நான் போயிருக்கிறேன். அவன் விரும்பிக் கேட்கிறான், விடுங்கள். நம் நாட்டிலும் இதற்குப் படிகள் இருக்கின்றன. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமையில் நான்காம் மட்டம் எடுத்தால் தேர்ந்த தொழிலாளி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அவன் எந்தப் படியில் நின்றாலும் மரியாதையாகத்தான் நிற்பான்.

அந்த மரியாதையை நான் மறுத்திருக்கிறேன் என்பதை எழுத என் கை கூசுகிறது. "படிக்காவிட்டால் வயரிங் வேலைக்குத்தான் போவாய்" என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். கணிதத்தில் சித்தியடையாத ஒரு பையனிடம், எல்லோருக்கும் முன்னால், அவன் பெயரைச் சொல்லியே சொன்னேன். சுனாமிக்குப் பிறகு, 2006இல், கல்லடியில் உங்கள் வீட்டை மறுபடி கட்டினோமே, அப்போது வயரிங் பாஸ் ஒருவரோடு வந்து மூன்று நாள் வேலை செய்தது அவன்தான். உங்களுக்கு நினைவிருக்கும், மெலிந்த பையன், நெற்றியில் தழும்பு. நான் அவனுக்குத் தேநீரை விறாந்தைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். காசு கொடுத்தபோது, "சேர், உங்களிடம் முழுக் கூலி வாங்கமாட்டேன்" என்று கொஞ்சத்தைத் திருப்பித் தந்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

மெயின் சுவிச் பெட்டியை மூடுவதற்கு முன் அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். ஒவ்வொரு வயரும் கோடு போட்டது போல நேராக இறங்கி, ஒரே அளவில் வளைந்து, தன் தன் இடத்தில் போய் நின்றது. நான் "சரி, சரி" என்றுவிட்டு வந்துவிட்டேன். அவன் என்னிடம் எதைக் காட்டினான் என்பது இப்போது, இந்தக் குளிரில் நானும் ஒரு பெட்டியை அப்படி அடுக்கப் படாத பாடு படும்போதுதான் விளங்குகிறது.

இப்போது அவன் வாழைச்சேனைப் பக்கம் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறானாம். எப்படியாவது விசாரித்து வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கடல் காற்றுக்கு அந்தப் பெட்டிக்குள் என்னவெல்லாம் துருப்பிடித்திருக்குமோ தெரியாது. டிரிப் சுவிச் சரியாக விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். குசினியில் ஃபிரிட்ஜுக்கும் கேத்தலுக்கும் ஒரே நீட்டு வயரைப் போட்டிருக்கிறீர்களே, அதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அவன் வருகிற நாளில் மருமகனும் வீட்டில் நிற்கட்டும், ஏணியைப் பிடிக்கட்டும். பெட்டியைத் திறந்ததும் உள்ளே நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். கூலியை முழுதாகக் கொடுங்கள். 2006இல் திருப்பித் தந்ததையும் சேர்த்து நான் அனுப்புகிறேன். தேநீரை ஹாலில் உட்கார வைத்துக் கொடுங்கள்.

சேர் இப்போது வயரிங் பழகுகிறார் என்றும் அவனிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி